கடைசி மூட்டைக்கு மேலே இடம்

சேசு மரி சூசை

ராயபுரம்,
12-7-1972, புதன்கிழமை

அன்பு மகள் ஃப்ளோராவுக்கு அம்மா வியாகுலம் எழுதுகிறேன். இங்கே எல்லோருக்கும் உடம்பு சுகம்தான், மனசுக்குத்தான் ஒரு வாரமாகச் சுகமில்லை, அதைக் கீழே எழுதுகிறேன். அங்கே தீவில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கிற பிள்ளையும் நலமாக இருக்கிறீர்களா என்று மாதா பீடத்தில் தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன், மாதா பதில் சொல்லாது, நீதான் எழுத வேண்டும். உன் கடிதம் வந்து கிடைத்தது. கால் வீக்கம் வடியவில்லை என்று எழுதியிருந்தாய், சுவரில் காலைத் தூக்கி வைத்துப் படு, ஊறுகாயைத் தொடாதே, மாப்பிள்ளை வீட்டில் இல்லாத சமயம் பார்த்துத் தொடுவாய் என்று எனக்குத் தெரியும். உன் தம்பி ஜார்ஜ் வியாசர்பாடியில் பந்தாட்டம் ஆடப்போய் கால் கட்டைவிரல் நகத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறான், ஆட்டத்திலாவது ஜெயித்தானா என்றால் அதுவும் இல்லை. எண்ணூரிலிருந்து கரண்டு ஆலைச் சாம்பலோடு காற்று அடிக்கிற அன்றைக்குத் துணி காயப்போட முடியவில்லை, வெள்ளை வேட்டி சாம்பல் நிறமாகி வருகிறது, உன் அப்பா அதையே புதுக் கலர் என்று சொல்லிக் கட்டிக்கொண்டு கோயிலுக்கு வருகிறார்.

இப்போது அவர் கதைக்கு வருகிறேன். நாங்கள் நாலு பேரும், அதாவது நான், அப்பா, லூர்து அத்தை, ஜார்ஜ் எல்லோரும் குடும்பத்தோடு இந்தக் கப்பலில் கிளம்பி உன் பிரசவத்துக்கு முன்னாலேயே வந்து சேருவோம் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேன் அல்லவா, அதற்கு டிக்கெட் எழுத அப்பா தனியாகப் போனார். நானும் கூட வருகிறேன் என்றேன். நான் ஆர்பர்ல சரக்கு தூக்கற வின்ச்சு ஓட்டறவன், எனுக்குக் கப்பல்ல இடம் பிடிக்கத் தெரியாதா, நீ போய் கொயம்பு வையி என்று சொல்லிவிட்டு, கல்யாணச் சட்டை மாதிரி ஒன்றைப் போட்டுக்கொண்டு போனார். அங்கே டிக்கெட் எழுதுகிறவர் நல்ல மனுஷன் போல. பெரியவரே, நாலு பேருக்கும் சேர்ந்தாற்போல ஒரு கேபின் இருக்கிறது, அது வேண்டாம் என்றால் எந்தத் தட்டில் எந்தப் படுக்கை என்று இப்போதே சொல்லிவிடுங்கள், எழுதி வைக்கிறேன், சொல்லாவிட்டால் மிச்சம் இருக்கிற இடம்தான் கிடைக்கும் என்று தெளிவாகவே சொல்லியிருக்கிறார். அதற்கு உன் அப்பா என்ன சொன்னார் தெரியுமா. எங்களுக்கு ஒண்ணும் அவசரம் இல்ல சார், எல்லாருக்கும் போட்டுட்டு கடசியா எங்களுக்குப் போடு என்றாராம். டிக்கெட்காரர் இவரை ஏதோ தர்மவான் என்று நினைத்துக்கொண்டு கும்பிட்டு அனுப்பியிருக்கிறார்.

வீட்டுக்கு வந்து ஒரே சிரிப்பு. ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டால், தோ பாரு வியாகுலம், கப்பல்ல சரக்கு ஏத்தறப்ப மொதல்ல போற மூட்டை அடில பூடும், கடசியா போற மூட்டைதான் மேல காத்து வாங்கினு கெடக்கும், அங்க போய் எறங்கறப்பவும் அதான் மொதல்ல எறங்கும், இது அந்தப் படிச்ச ஆளுக்குத் தெரியல, அவன் மொதல்ல எழுதின பணக்காரனெல்லாம் அடில கெடந்து வேவப் போறான் பாரு என்று சொன்னார். எனக்குச் சந்தேகம்தான். மனுஷர்களை யாராவது வின்ச்சில் கட்டித் தூக்கி அடுக்குவார்களா என்று கேட்டேன். நீ எத்தினி கப்பலப் பாத்துக்கீற என்று என் வாயை அடைத்துவிட்டார். அவர் எத்தனை கப்பலில் ஏறிப் போயிருக்கிறார் என்று நான் கேட்கவில்லை. பாவம், இத்தனை வருஷம் கப்பல் கப்பலாகச் சரக்கு ஏற்றிய மனுஷன் ஒரு தடவைகூடப் பிரயாணியாக ஏறியதில்லை, அந்தச் சந்தோஷத்தில் இருக்கிறார், கெடுக்க வேண்டாம் என்று இருந்துவிட்டேன். அன்றைக்கே கெடுத்திருக்க வேண்டும்.

போன வியாழக்கிழமை இடம் எழுதின சீட்டு வந்தது. ஜார்ஜ் சத்தமாகப் படித்தான். எனக்குக் கடைசித் தட்டில், அதாவது தண்ணிக்குக் கீழே, பெண்கள் படுக்கிற இடத்தில் இஞ்சினை ஒட்டி மேல் படுக்கை, ஏணி வைத்து ஏற வேண்டும். லூர்து அத்தைக்கு அதற்கு மேல் தட்டில் மறு கோடியில் கக்கூஸ் கதவுக்கு எதிரே. ஜார்ஜுக்கு நங்கூரச் சங்கிலி இருக்கிற முனையில். உன் அப்பாவுக்குச் சமையல் கட்டுக்குப் பின்புறம், புகைக்குழாய் போகிற வழியில். அவருக்குத்தான் காற்று, சூடாக. குடும்பத்தோடு ஒரே கப்பலில் போகிறோம், ஆனால் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க நாலு பேரிடம் வழி கேட்க வேண்டும். லூர்து அத்தை சீட்டைக் கீழே வைத்துவிட்டு, தம்பி, கக்கூஸாண்ட படுத்துகினு நான் எப்படி ஜெபமாலை சொல்றது, மாதா மூக்கைப் புடிச்சிகினு கேப்பாளா என்று ஆரம்பித்தது சாயங்காலம் வரைக்கும் நிறுத்தவில்லை. அப்பா சோற்றுத் தட்டை இழுத்து வைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார். நான் சும்மா இருந்திருக்கலாம், வாய் இருக்கவில்லை, என்னா மூட்டை, காத்து நல்லா வருதா என்று கேட்டுவிட்டேன். சோற்றுத் தட்டை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

அதோடு முடிந்திருந்தால் இஞ்சின் பக்கத்திலேயே படுத்து வந்திருப்பேன். சனிக்கிழமை மீன் வாங்கப் போன இடத்தில் அப்பாவோடு வேலை செய்கிற வேலப்பன் நின்றுகொண்டிருந்தான். இன்னாக்கா, கப்பல் பிரயாணத்தை வாபஸ் வாங்கினீங்களாமே என்றான். எனக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. வீட்டுக்கு வந்து கேட்டால் மனுஷன் தலையை நிமிர்த்தாமல் சொல்கிறார், நாலு டிக்கெட்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டாராம், அடுத்த கப்பலில் நாலு பேருக்கும் ஒரே கேபின் எழுதிவிட்டாராம். இந்தத் தடவை எந்தப் பக்கம் ஜன்னல், எந்தப் பக்கம் காற்று, கக்கூஸ் எவ்வளவு தூரம் என்று எல்லாம் கேட்டுப் பொறுக்கி எடுத்திருக்கிறார். அடுத்த கப்பல் எப்போது என்று கேட்டேன். இந்தக் கப்பல் போய்த் திரும்பி வந்து ரிப்பேர் முடிந்து ஆகஸ்ட் பதினைந்து, மாதா பரலோகம் போன திருநாள் கழித்துத்தான் கிளம்புமாம். உன் டாக்டரம்மா சொன்னது இந்த மாதக் கடைசி. அதைச் சொல்லிச் சத்தம் போட்டேன் மகளே. அதற்கு அவர், மொதல் பிரசவம் எப்பவும் தள்ளித்தான் போவும், நாம்ப போறதுக்கு கரீட்டா இருக்கும் என்றார்.

அப்போது நான் சொன்னேன், இது அவளுக்கு முதல் பிரசவம் இல்லை என்று. போன வருஷம் ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண்தான் உன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், பெயர்கூடத் தெரியாது என்று எழுதியிருந்தாயே, வெறுங்கையோடு வீட்டுக்குத் திரும்பினாயே, அதை மறந்துவிட்டீர்களா என்று கேட்டேன். உன் அப்பா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், வேர்வைதான் என்று வைத்துக்கொள். எல்லாரும் ஒண்ணா இருந்தா உனுக்குக் கஷ்டம் இருக்காதேன்னு பாத்தேன், நீ ஏணி ஏற மாட்டியே என்றார். நான் ஏணி ஏறுவேனா மாட்டேனா என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை பார். அதுதான் எனக்கு ஆறவில்லை. டிக்கெட் எழுதும்போதும் கேட்கவில்லை, திருப்பிக் கொடுக்கும்போதும் கேட்கவில்லை. இவர் ஏற்றி இறக்குகிற மூட்டை மாதிரி நானும் ஒரு மூட்டையா.

திங்கட்கிழமை காலையில் பூசை முடிந்ததும் நானே அந்த ஆபீசுக்குப் போனேன். ஜார்ஜ் துணைக்கு வருகிறேன் என்றான், உன் கட்டைவிரலைப் பார் என்று விட்டுவிட்டுப் போனேன். டிக்கெட்காரரிடம், கடைசியில் போடுங்கள் என்று கேட்ட தர்மவான் சம்சாரம் நான்தான் என்றேன், அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீங்கள் திருப்பிய இடமெல்லாம் அன்றைக்கே போய்விட்டது அம்மா, கக்கூஸ் எதிரில் இருந்ததுகூடப் போய்விட்டது, இஞ்சின் பக்கத்து மேல் படுக்கை ஒன்றை மட்டும் யாரும் வேண்டாம் என்கிறார்கள், உங்களுக்கும் வேண்டாம்தானே என்றார். அது என் இடம், கொடுங்கள் என்றேன். உங்கள் வயசுக்கு ஏணி கஷ்டம் என்று அவரும் ஆரம்பித்தார். ஊரில் இருக்கிற ஆம்பிளைகள் எல்லோருக்கும் என் முழங்கால் மேல்தான் கவலை. என் மகளுக்கும் கஷ்டம்தான் சார், அவள் மாட்டேன் என்று சொல்ல முடியுமா என்றேன். உடனே எழுதிக் கொடுத்துவிட்டார்.

ஆகையால் நான் மட்டும் வருகிறேன். வரும் திங்கட்கிழமை கப்பல் கிளம்புகிறது. மற்ற மூன்று பேரும் அந்த மகாராஜா கேபினில் பின்னால் வந்து ஞானஸ்நானத்துக்கு நிற்கட்டும், ஜார்ஜ்தான் ஞானத்தகப்பன் என்று அவனே முடிவு செய்துவிட்டான், உன்னையும் யாரும் கேட்கவில்லை, இந்த வீட்டுப் பழக்கம் அப்படி. நான் தினமும் சாயங்காலம் ஏணி வைத்துப் பரண் மேல் ஏறி இறங்கிப் பழகுகிறேன். முதல் நாள் ஏறிவிட்டேன், இறங்கத்தான் தெரியவில்லை, ஜார்ஜ் சிரித்துச் சிரித்து ஏணியை ஆட்டிவிட்டான். உன் அப்பா கீழே நின்று இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, மெல்ல, மெல்ல, இடது காலு, இன்னும் கீய என்று வின்ச்சுக்குச் சைகை காட்டுகிற மாதிரியே காட்டினார். நேற்று யார் கையும் பிடிக்காமல் இறங்கினேன். அவரோடு இன்னும் சரியாகப் பேசவில்லை, பேசப் போகிறேன் என்றும் அவரிடம் சொல்லாதே.

பழைய நூல் புடவைகளை நன்றாகத் துவைத்துக் கிழித்து மடித்து வைத்திருக்கிறேன், பிரசவ லேகியம் கிண்டியாகிவிட்டது, நெத்திலிக் கருவாடும் கட்டியிருக்கிறேன், அதன் வாசனையில் இஞ்சின் பக்கம் யாரும் வரமாட்டார்கள், எனக்கு இடம் தாராளமாக இருக்கும். தண்ணீர்க் குடம் தூக்காதே. மாப்பிள்ளை செல்வநாதனைக் கப்பல் கட்டுகிற ஜெட்டிக்கு அனுப்பு, நீ வராதே, வந்து நின்றாய் என்றால் அந்த இடத்திலேயே திட்டுவேன். மேல் தட்டிலிருந்து முதலில் இறங்குகிறவர்களில் என்னைத் தேட வேண்டாம் என்று அவரிடம் சொல், எல்லோரும் இறங்கின பிறகு அடியிலிருந்து கடைசியாக ஒரு மூட்டை ஏறி வரும், அதுதான் அவர் மாமியார். தந்தி கொடுக்கட்டுமா என்று ஜார்ஜ் கேட்டான், தந்தியைப் பார்த்தாலே நீ பயந்துவிடுவாய் என்று வேண்டாம் என்றேன். வானத் தபாலில் போடுகிறேன், இந்தக் கடிதம் கல்கத்தா சுற்றி எனக்குப் பின்னால் வந்தால் நானே உனக்கு உட்கார்ந்து படித்துக் காட்டுகிறேன்.

இன்னொன்று எழுத மறந்தேன். இன்றைக்கு அப்பா வேலை விட்டு வந்ததும் ஜார்ஜிடம் சொல்கிற மாதிரி எனக்குக் கேட்கும்படி சொன்னார். கப்பல் வந்து கட்டியிருக்கிறதாம், இவர் கரையில் நடந்து போய் என் படுக்கை கப்பலின் எந்த இடத்துக்கு நேரே வருகிறது என்று உள்ளே இருக்கிற ஆளை விசாரித்து அடையாளம் பார்த்து வந்திருக்கிறார். உங்கம்மா எடத்துக்கு நேரா நான் நின்னுகினு இருப்பேன், கப்பல் நகர்ற வரிக்கும் அங்கியேதான் கீறேன்னு சொல்லு என்றார். அங்கே ஜன்னல் கிடையாது, வெறும் கறுப்பு இரும்பு. அந்த இரும்பைப் பார்த்துக் கையாட்டப் போகிறாராம். ஏணியேறி மேல் தட்டுக்கு வந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவர் நிமிர்ந்து பார்க்கிற வரைக்கும் அந்த வழுக்கைத் தலையையே பார்த்துக்கொண்டு நிற்கப் போகிறேன்.

சேசுவும் மாதாவும் உன் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் இருந்து காப்பார்கள், நடுவில் நான் வந்து உட்கார்ந்துகொள்கிறேன். அதுவரைக்கும் பிள்ளையை உள்ளேயே இருக்கச் சொல், பாட்டி அடித்தட்டில் வருகிறாள், கொஞ்சம் நேரமாகும் என்று சொல். வலி எடுத்தால் பயப்படாதே. மறுபடியும் சொல்கிறேன், குடம் தூக்காதே.

உன்னிடமே வந்துகொண்டிருக்கும் அம்மா,
ச. வியாகுலம்மாள்