கேப்டன் இருக்கட்டும்

அக்கா,

சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. வருடா வருடம் நவம்பரில், இறந்தவர்கள் வீட்டுக்கு வரும் நாளில், ரொட்டியும் மெஸ்கால் சாராயமும் படைக்கிறோமே, அந்தக் கேப்டன் நம் குடும்பமே இல்லை. கொள்ளுத்தாத்தாவைப் பெற்றவர், மெக்சிகோ புரட்சியில், 1914 சகாத்தேகாஸ் சண்டையில் செத்தவர் என்பார் அப்பா. படையலில் வைக்கும் அவர் படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றினேன். பின்னால் ஸ்டுடியோ முத்திரை, 1921. செத்த பிறகு யாரும் போட்டோவுக்கு நிற்பதில்லை.

பதிவு அலுவலகத்துக்குப் போய்ப் பழைய ஏடுகளைப் புரட்டினேன். 1912-இல் கொள்ளுத்தாத்தாவின் பிறப்பைப் பதிய அவர் அம்மா ரெஃபுகியா தனியாக வந்திருக்கிறாள். வயது பத்தொன்பது. சுரங்கத்தில் தாதுக்கல் பொறுக்குகிறவள். தகப்பன் பெயருக்கு எதிரே எழுத்தர் எழுதியிருப்பது: "சொல்ல மறுத்தாள். தன் குடும்பப் பெயரையே வைக்கச் சொன்னாள்."

ஆக, கேப்டனுடையது என்று அப்பா மார்தட்டும் சமரிப்பா என்ற நம் குடும்பப் பெயர் அவளுடையது.

அப்பாவிடம் நகலைக் காட்டினேன். "இன்ஜினியருக்குப் படிக்க வெச்சா, சொந்த வீட்டையே தோண்டுறியாடா?" என்று கத்தினார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த வரியை மூன்று முறை படித்தார்.

"பத்தொம்பது வயசு! நெஞ்சழுத்தத்தப் பாரு. நம்ம வீட்டுப் பொண்ணுல்ல!"

இந்த வருடப் படையலில் அவள் பெயரை எழுதி வைப்போம். கேப்டனும் இருக்கட்டும். நூறு வருடம் சாப்பிட்ட மனுஷனை எழுப்பி அனுப்ப முடியாது.

திங்கட்கிழமை உன் குழந்தையைப் பதியும்போது ஓடிப்போனவன் பெயரும் வேண்டாம், பொய்ப் பெயரும் வேண்டாம். குடும்பப் பெயர் கேட்டால் உன் பெயரைச் சொல். சாட்சிக் கையெழுத்துப் போட நான் வருகிறேன். ஆறு மாதமாக உன்னோடு பேசாத அப்பாவும் வருகிறார். சட்டையை இப்போதே இஸ்திரி போட்டு மாட்டிவிட்டார்.

உன் தம்பி