உட்காராமல் போன பயணம்

செப்டம்பர் 2
மகள் உஸ்த்யா காலையில் ஒரே ஒரு தும்மல் தும்மினாள். நானேதான் விண்வெளி வீரர் பயிற்சி மைய மருத்துவருக்குப் போன் செய்து சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாமோ? பத்து நிமிடத்தில் உத்தரவு வந்துவிட்டது: என் கணவன் ரொதியோன் பைகனூர் ஏவுதளத்துக்குக் கிளம்பும்வரை வீட்டுக்குள் வரக்கூடாது.

செப்டம்பர் 4
போய்விட்டான். பிர்ச் மரத்தடியில் நின்று மூன்றாவது மாடியைப் பார்த்துக் கத்தினான்: "லீதா, அந்தச் சளிமூக்கியைத் தூக்கிக் காட்டு!" காட்டினேன். அவள் மூக்கில் சளியே இல்லை. பேருந்து ஹார்ன் அடித்தது. அவ்வளவுதான்.

நாங்கள் உட்காரவில்லை. தூரப் பயணம் கிளம்புமுன் வீட்டில் எல்லாரும் ஒரு நிமிடம் பேசாமல் உட்கார்ந்து எழ வேண்டும்; இல்லாவிட்டால் போனவர் நல்லபடி திரும்பமாட்டார் என்பார்கள். கசானிலிருந்து மாமியார் போனில் முதலில் கேட்டதே அதுதான்.
"உக்காந்தீங்களா?"
"உக்காந்தோம் அத்தை."
வேதியியல் படித்தவள் நான். இதற்குப் போய்ப் பொய் சொல்கிறேன் — ச்சே.

செப்டம்பர் 19
ராக்கெட் ஏறிவிட்டது. தொலைக்காட்சியில், கலத்துக்குள் அவர்கள் தலைக்கு மேல் கயிற்றில் உஸ்த்யாவின் துணி முயல். ஒன்பதாவது நிமிடம் கயிறு தளர்ந்து அது மிதந்தது. "முயல் நீந்துதும்மா!" சுற்றுப்பாதையை அடைந்துவிட்டார்கள்; அப்போதுதான் மூச்சு விட்டேன்.

நவம்பர் 8
முன்பு நாங்கள் இருந்த வடக்கு விமானத்தளக் குடியிருப்பு நினைவாகவே இருக்கிறது. போர் விமானத்தை இறக்குமுன் எங்கள் கூரைக்கு மேல் ஒரு சுற்று தாழப் பறப்பான். விதிமீறல்தான். அலமாரியில் கோப்பைகள் கிணுகிணுக்கும். உடனே கெட்டிலை அடுப்பில் வைப்பேன். தேநீர் இறங்குவதற்குள், கன்னத்தில் ஆக்சிஜன் முகமூடி அழுத்திய தடத்தோடு, மண்ணெண்ணெய் வாசனையோடு வாசலில் நிற்பான். "டீ எங்க, மகாராணி?"
அப்போதெல்லாம் அவன் வருவது காதுக்கே தெரியும். இப்போது தலைக்கு மேலேதான் சுற்றுகிறான். ஒரு கோப்பைகூட அசையவில்லை.

ஜனவரி 11
இன்று திரையில் பேசும்போது சொல்லிவிட்டேன், உட்காராததை. விழுந்து விழுந்து சிரித்தான்.
"இங்க மேல கீழன்னே ஒண்ணும் கிடையாது. நாலு மாசமா நான் எங்கயுமே உக்காரல."
"போடா. நான் ராத்திரியெல்லாம் அதையே நினைச்சிட்டிருக்கேன்."
சிரிப்பு நின்றது. "சரி, அந்த ஒரு நிமிஷத்தை எடுத்து வை. வந்து உக்கார்றேன்."

மார்ச் 30
இன்னும் மூன்று நாளில் தரையிறங்குகிறான். பாராசூட் கோளாறுகளைப் பற்றி எதையும் படிக்கக்கூடாது என்று முடிவெடுத்தேன். படித்துவிட்டேன்.

ஏப்ரல் 2
மாமியார் நேற்றே வந்துவிட்டார். தொலைக்காட்சியில் பாராசூட் விரிந்தது. என்னையறியாமல் எழுந்துபோய்க் கெட்டிலை அடுப்பில் வைத்திருக்கிறேன்.
கலம் இறங்கிய புல்வெளியில் புழுதி. நான்கு பேர் அவனை மூட்டையைப் போல வெளியே இழுத்து, தூக்கிக்கொண்டு போய், ஒரு நாற்காலியில் வைத்தார்கள். முழங்காலில் கம்பளி. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.
"ஐயோ, எலும்பும் தோலுமா ஆயிட்டானே!" என்றார் மாமியார்.
நான் முக்காலியை இழுத்து, உஸ்த்யாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.
"என்னடி இது, இப்ப போய்?"
"பேசாதீங்க அத்தை. ஒரே நிமிஷம்."
என்னை உற்றுப் பார்த்தார். "அப்போ அன்னைக்கு நீங்க..." அவரும் மெல்ல உட்கார்ந்தார்.
அடுப்பில் கெட்டில் கொதித்துக் கத்தியது. யாரும் எழுந்திருக்கவில்லை.