மூன்றாம் கேள்விக்கு விடை

செவ்வாய், 12 அக்., 2603 (ஜப்பான்காரன் கணக்கு; நமக்கு 1943)

இன்னும் கையெழுத்துப் போடாததற்குப் பயம் மட்டும் காரணம் இல்லை. கூச்சமும்தான். மழை. கூரையில் இரண்டு இடத்தில் ஒழுகல்.

இந்திய விடுதலைச் சங்கக் காரியதரிசி செல்வராசு அண்ணன் மூன்று கேள்விகள் கொடுத்திருக்கிறார். ஞாயிறு கூட்டத்தில் அவர் வாசிக்க நான் விடை எழுத வேண்டும். முதல் இரண்டும் எளிது. மூன்றாவது: ஜப்பான்காரனோடு சேர்ந்து இந்தியாவுக்குள் படையெடுத்துப் போனால், நாளை உலகம் நம் நாட்டை என்ன சொல்லும்?

"நீதான் காலேஜ்ல படிச்சவ. நறுக்குனு நாலு வரி போடு, தங்கச்சி."

கூட்ட முடிவில் பெண்கள் படைக்கு ஆள் சேர்ப்பு. எனக்கும் ஒரு படிவம். இழுப்பறையில் கிடக்கிறது, கையெழுத்தில்லாமல்.

தாள் கிடைப்பதில்லை. கல்லூரிக் குறிப்புகளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். முன்பக்கத்தில், ஆங்கிலத்தில், நியாயமான போருக்கான நிபந்தனைகள். அடிக்கோடு வேறு. சொல்லிக்கொடுத்த வெள்ளைக்காரர் இப்போது ஜப்பான்காரனின் சிறை முகாமில்.

புதன்

வெயில். சோப்பு இல்லை. நீலாவும் நானும் சாம்பல் போட்டுத் துவைத்தோம். நீலா வீட்டுக்காரியின் மகள், பத்தொன்பது வயது. மலாக்காவில், காஜா பேராங்கில் இந்த வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து என் தோழி. பல தலைமுறைக்கு முன் இங்கே வந்து கலந்துவிட்ட மலாக்காச் செட்டிகள், வீட்டில் மலாய்தான். தமிழ் தெரியாது. பேச்செல்லாம் மலாயில்.

எதிராக: 1. தோட்டத்து ஆட்களை லாரியில் ஏற்றிச் சயாம் ரயில் பாதைக்கு அனுப்புகிறவனும் இதே ஜப்பான்காரன்தான். 2. நேற்று பாலத்தில் காவலாளிக்குத் தலை குனிந்து நிமிர்ந்தேன். எதிரே வந்த சீனப் பெண் என் சங்கச் சின்னத்தைப் பார்த்தாள். அவளும் குனிந்தவள்தான். ஆனாலும் அந்தப் பார்வை.

சார்பாக: 1. அடிமை நாட்டுக்குக் கெடுவதற்குப் பெயர் ஏது?

அப்பாவிடம் கேட்டேன். வெள்ளைக்காரனின் தபால் ஆபீசில் முப்பது வருடம் இருந்தவர். மரவள்ளிக்கு மண் அணைத்துக்கொண்டே சொன்னார்:

"நம்மள இங்க வுட்டுட்டு ஓடுனானே, அவன் பேரு எங்கயாச்சும் கெட்டுச்சா? ஜெயிச்சுத் திரும்பி வந்தான்னா நாமளே மாலையோட நிப்போம்."

அப்படியானால் நான் போகட்டுமா?

"நான் பேரைப் பத்திச் சொன்னேன். ஒன்னையப் பத்திச் சொல்லல."

வெள்ளி

எழுதிக் கொடுத்தேன். இரண்டு பத்தி. முதலாவது: பெயரைவிட விடுதலை பெரிது. இரண்டாவது: யாருடைய துப்பாக்கியோடு நுழைந்தீர்கள் என்று ஒருநாள் கேட்பார்கள்; விடை இல்லாதவர்கள் இப்போதே யோசித்துக்கொள்ளட்டும்.

அண்ணன் இரண்டாவதன் குறுக்கே கோடு போட்டார். "இதப் படிச்சா ஒருத்தரும் எந்திரிக்க மாட்டாங்க."

கூட்டம் நீலாவின் ஆட்கள் குடியிருக்கும் செட்டிக் கம்பத்தில். அவர்களுக்குத் தமிழ் புரியாது, மலாயில் பேசுங்கள் என்றேன்.

"கோயில் இருக்கு, பிள்ளைன்னு பேரு இருக்கு. தமிழ் மட்டும் எங்க போயிடும்? ரத்தத்துல இருக்கும் லா."

ஞாயிறு

மூன்று மணிக்குக் கூட்டம். டோக்கியோ நேரம், பழைய கணக்கில் ஒன்றரைதான்; உச்சி வெயில் இன்னும் இறங்கவில்லை.

அண்ணன் முக்கால் மணி நேரம் தமிழில். கோயிலில் மந்திரம் கேட்பதுபோல் கை கட்டிக் கேட்டார்கள். அவர் மூச்சு வாங்கிய இடங்களில் கைதட்டல். என் பத்திக்குக் கொஞ்சம் அதிகம்.

பிறகு நீலா எழுந்துபோய்க் கையெழுத்துப் போட்டாள். இதை நான் எதிர்பார்க்கவில்லை.

திங்கள்

மேகமூட்டம். காலையில் நீலாவின் அம்மா வந்தாள். பீபி, அத்தை, என்றுதான் கூப்பிடுவேன். உட்காரவில்லை.

"அபா தியா சக்காப்?" அந்த ஆள் என்னதான் பேசினார் என்று கேட்டாள்.

மலாயில் சொன்னேன். முதல் பத்தி. பிறகு வெட்டிய பத்தியும். நீலா வாசலில் நின்று கேட்டாள்.

"இது தெரியாமலா கையெழுத்து வெச்சே?" என்றாள் பீபி மகளிடம்.

நீலா என்னைக் காட்டினாள். "அவ எழுதுனது. அவளும் வருவான்னு நெனச்சேன்."

மூவரும் சங்கத்துக்கு நடந்தோம். பட்டியல் காலை லாரியில் ஷோனானுக்கு, அதான் சிங்கப்பூருக்கு, போய்விட்டது. பெயரை எடுக்கச் சொல்லி எழுதுங்கள் என்றேன். அண்ணன் குரலைத் தாழ்த்தினார். "சேத்த பேர மறுநாளே அடிக்கச் சொன்னா நம்ம கிளையோட பேரு என்னாவுறது, தங்கச்சி?"

பீபி என் முகத்தைப் பார்த்தாள். அதையும் மலாயில் சொன்னேன். வெளியே இறங்கிவிட்டாள்.

திரும்பும் வழியில் நீலா கேட்டாள்: மூன்றாம் கேள்விக்கு உன் விடை என்ன? தெரியவில்லை என்றேன். தலையாட்டினாள். கோபம் இல்லை. அதுதான் குத்தியது.

இழுப்பறையைத் திறந்தேன். படிவத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம். நீலாவின் பெயரை எழுத நினைத்து, காலியாக விட்டேன். கையெழுத்துப் போட்டேன். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. மரவள்ளியைத் தோலுரித்துத் தண்ணீரில் ஊறப் போட்டேன்.