ரேவதி தூங்கும் நேரம்

ஆவணி 3, செவ்வாய்

காலையிலேயே வெயில் சுள்ளென்று. மருமகள் ரேவதியோடு ஆஸ்பத்திரி. ஐந்தாம் மாதம். எடை 52. போன மாதமும் அதே 52. நர்சம்மா முகம் சரியில்லை. என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்கவில்லை, எப்போது தூங்குகிறாய் என்றுதான் கேட்டார். ஓசூர் கம்பெனியில் இவளுக்கு ஒரு வாரம் பகல், ஒரு வாரம் ராத்திரி. உடம்புக்குள்ளே ஒரு கடிகாரம் ஓடுகிறதாம். வாராவாரம் அதைத் திருப்பி வைத்தால் தின்பது உடம்பில் ஒட்டாதாம்.

"படுக்கிறது, எந்திரிக்கிறது, சாப்புடுறது எல்லாம் தெனமும் ஒரே நேரத்துல இருக்கட்டும். ரெண்டு வாரம் கழிச்சு வாங்க."

எங்கள் வீட்டுக்காரர் கடிகாரத்தில் சோத்து மணி மட்டும்தான் அடிக்கும் என்றேன். நர்சம்மா சிரித்தார். ரேவதி சிரிக்கவில்லை.

வாங்கணும்: பேரீச்சம்பழம், நிலக்கடலை, எனக்குத் தைலம்.

ஆவணி 8, ஞாயிறு

தூறல். தக்காளி எடை போட்டு பாலக்கோட்டு மண்டிக்கு ஏற்றியாச்சு. எடை மெஷின் வாசலிலேயே இருந்தது. வீட்டுக்காரர், ஏறி நில்லும்மா, பார்த்துடலாம் என்றார். நம்பர் தெரிவது அவர் பக்கம். ஐம்பது என்றார். இரண்டு கிலோ குறைவு.

ரேவதி உள்ளே போய்விட்டாள். பேரன் இப்பவே பட்டினி விரதமா என்று கேட்க வாயெடுத்தேன். வரவில்லை. இந்த வாரம் முழுக்க ராத்திரி வேலை. விடிந்து வந்து படுப்பாள், பக்கத்து வீட்டு மாவு மெஷின் ஓட ஆரம்பிக்கும். சோறு வைத்தது வைத்தபடி. மகன் லாரியிலிருந்து போன். அவனிடம் சொல்லவில்லை.

சாயங்காலம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "அத்த, பகல் ஷிப்டே குடுங்கன்னு நாளைக்கு மேனேஜர்கிட்ட நானே கேக்கறனுங்க."

எனக்குப் பயம். போன வருடம் இப்படிக் கேட்ட பெண்ணை, பிள்ளை பிறந்த பிறகு வா என்று அனுப்பிவிட்டார்களாம். இவளுக்கு அந்த வேலை உயிர். புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு இவள்தான் வேலை சொல்லித்தருகிறாள்.

ஆவணி 10, செவ்வாய்

மேகம், மழை இல்லை. பகல் ஷிப்ட் கிடைத்துவிட்டது. கூடப் போகிற பெண் வந்து சொன்னாள், எங்கள் ஆள் தானாகச் சொல்லமாட்டாளே. மேனேஜர், கொஞ்ச நாள் வீட்டில் இரேன் என்றாராம். இவள் ஆஸ்பத்திரிச் சீட்டை மேசைமேல் வைத்து,

"வேல கொறைக்க வேணாம் சார். தெனமும் ஒரே நேரத்துக்குத் தூங்க வுடுங்க, போதும்."

அதோடு விடவில்லை. இன்னும் இரண்டு கர்ப்பிணிகளுக்கும் சேர்த்துக் கேட்டிருக்கிறாள். மூன்று பேருக்கும் சரி என்றுவிட்டார். என் மருமகள்! பக்கத்து வீடு, பால்காரர், மளிகைக்கடை, எல்லோரிடமும் சொல்லியாச்சு.

இனி எட்டு மணிக்குள் சாப்பாடு. ஒன்பதுக்கு மேல் டிவி கிடையாது. வீட்டுக்காரர் முறைத்தார். முறைக்கட்டும்.

ஆவணி 15, ஞாயிறு

மறுபடி மெஷின். ரேவதி 51. ஏறுகிறது. ஆசைக்கு நானும் ஏறினேன். 69 என்றார். ஆஸ்பத்திரியில் நான் 71. இளைச்சுட்டேன் பாருங்க, இனி பொண்ணு பார்க்க வருவாங்க என்றேன். ரேவதி அந்தப் பக்கம் போய் எட்டிப் பார்த்தாள். 71.

மனுசன் தலையைச் சொறிகிறார். தக்காளிக்குப் பெட்டி எடை இரண்டு கிலோ கழித்துச் சொல்லிச் சொல்லி, எங்களுக்கும் கழித்துவிட்டார்! மருமகளையும் என்னையும் பெட்டியோடு சேர்த்த ஆள். திட்டித் தீர்த்தேன். குறையாத எடைக்கு அந்தப் பெண் ராத்திரியெல்லாம் அழுதிருக்கிறாளே.

ரேவதிதான் தடுத்தாள். "வுடுங்க அத்த. மாமா கழிக்கலேன்னா நான் வாயத் தொறந்திருக்க மாட்டேன்."

அவர் முகத்துக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

ஆவணி 17, செவ்வாய்

நல்ல மழை. குடை ஒன்று, ஆள் இரண்டு. ஆஸ்பத்திரி எடை 53. நான் பார்த்தேன், நர்சம்மாவையும் இரண்டு தரம் பார்க்கச் சொன்னேன். குழந்தை நன்றாக இருக்கிறதாம். இப்படியே தூங்கு என்றார்.

வரிசையில் எல்லோருக்கும் கதையைச் சொன்னேன். ரேவதி என் புடவையைப் பிடித்து இழுத்தாள். அதியமான்கோட்டைப் பெண் ஒன்று, இவளைப் போலவே ராத்திரி வேலை, நாலாம் மாதம். மேனேஜரிடம் என்ன சொல்வது என்று மெதுவாகக் கேட்டது. ரேவதி அதை எழுந்து நிற்க வைத்தாள். என்னை மேனேஜராக உட்கார வைத்தாள். நானும் விறைப்பாக உட்கார்ந்தேன்.

முதல் தரம் அந்தப் பெண்ணுக்குக் குரலே எழும்பவில்லை. "இன்னொரு தரம் சொல்லுங்க. தல குனியாம," என்றாள் ரேவதி.

இரண்டாம் தரம் மழைச் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது.