புழுக்கத்துக்கு எதிரணியில் அப்பா

அப்பா, இன்று நடந்ததை ஒன்று விடாமல், உள்ளது உள்ளபடி எழுதப் போகிறேன். எனக்குச் சாதகமாக எதையும் மாற்ற மாட்டேன். அம்மா படுக்கச் சொல்வதற்குள் முடிக்க வேண்டும். அதனால் எழுத்து கொஞ்சம் ஓடும்.

நம் நோட்டு கிடைத்துவிட்டது. தகரப் பெட்டியின் அடியில், உங்கள் சாம்பல் நிற ஸ்வெட்டருக்குள் சுருட்டி வைத்திருந்தீர்கள். திறந்ததும் பூஞ்சை வாசனை முகத்தில் அடித்தது. அதற்கும் அடியில், நீங்கள் தொட்ட எல்லாவற்றிலும் இருக்குமே, அந்த லேசான மாவுப் புளிப்பு. நீல அட்டை முழுக்க வெள்ளைப் புள்ளி. நம் புழுக்க நோட்டையே புழுக்கம் தின்றுகொண்டிருக்கிறது. நீங்கள் இருந்திருந்தால் உடனே, "இதையும் என் பக்கத்துல எழுதிக்கோ" என்றிருப்பீர்கள்.

அதை ஆரம்பித்தபோது நான் ஐந்தாம் வகுப்பு. ஞாயிற்றுக்கிழமை. மாட்டுங்காவில் மெஸ்களுக்கு இட்லி மாவு டின்களை இறக்கிவிட்டு, சைக்கிளைத் தள்ளியபடி என்னைக் கிங்ஸ் சர்க்கிள் பழைய புத்தகக்காரரிடம் கூட்டிப்போனீர்கள். அங்கே போய்ச் சேருவதற்குள் உங்கள் சட்டை இரண்டாவது தோலாகிவிட்டது. கைக்குட்டையைப் பிழிந்தால் நிஜமாகவே தண்ணீர் சொட்டியது. "இந்த ஊர்ல மனுசன் காயவே மாட்டான்ட்டி" என்றீர்கள். எனக்கு ரோஷம் வந்தது. மும்பையைக் குறை சொன்னால் என்னைச் சொன்ன மாதிரி. வீட்டுக்கு வந்ததும் நோட்டின் நடுவில் கோடு போட்டேன். இடது பக்கம் எனக்கு: இந்த வெயிலும் ஈரமும் ஏன் நல்லது. வலது பக்கம் உங்களுக்கு: ஏன் கெட்டது. ஒருவர் எழுதியதை இன்னொருவர் அடிக்கக் கூடாது என்பது மட்டும்தான் சட்டம்.

என் பக்கத்தை இன்று படித்தபோது சிரிப்பாக இருந்தது. கம்பளி துவைக்க வேண்டாம். குளிக்க வெந்நீர் வேண்டாம். உதடு வெடிக்காது. நாலு மணிக்குக் கடல் காற்று வரும். முதல் மழை அன்று டீச்சரே ஜன்னலுக்கு ஓடுவார். உங்கள் எழுத்து வரிக்கு வெளியே சரிந்து சரிந்து போகிறது. உப்பு கட்டியாகுது. தீக்குச்சி உரசினா வழுக்குது. அப்பளம் கிழிஞ்ச துணி மாதிரி தொங்குது. ஜூலை மாசம் துவைச்ச சட்டை ஆகஸ்ட்ல காயுது. "இது பொய்" என்று நான் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். "போன வருசம் நடந்தது" என்று நீங்கள் அதற்குக் கீழே எழுதியிருக்கிறீர்கள்.

மாமா கல்யாணத்துக்குப் பெங்களூர் போய்வந்த பிறகு உங்கள் பக்கம் கிடுகிடுவென நீண்டது. தாதரில் ரயிலை விட்டு இறங்கியதும் அம்மாவிடம் என்ன சொன்னீர்கள், ஞாபகம் இருக்கிறதா? "ரெண்டு நாளா இதே சட்டைதான். காயவே போடல. நனைஞ்சாத்தானே காயப்போட?" அந்தச் சட்டையைக் கொடி பிடிப்பது போலப் பிடித்துக்கொண்டு சந்துக்குள் வந்தீர்கள். கூடவே ஒரு ஸ்வெட்டர் வேறு. தாராவியில் ஸ்வெட்டர். பக்கத்து வீட்டுக் காதர் மாமா தன் தோல் பட்டறையிலிருந்து எட்டிப் பார்த்து, மாவு டின்னுக்கு உறை தைக்கவா என்று கேட்டார்.

இப்போது இன்றைக்கு வருகிறேன்.

பெங்களூரில் மாமா வீட்டை ஒட்டிய கடை காலியாகிறதாம். மாவுக்கடை வைக்கலாம், மேலே இரண்டு அறை, பிள்ளைகளை அங்கேயே சேர்க்கலாம், ஆனால் இன்று ராத்திரிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று மாமா நேற்று போன் செய்தார். அம்மா முடிவெடுத்தாயிற்று என்றுதான் நான் நினைத்தேன். போகப்போவதில்லை. அதற்குக் காரணம் ஜனவரியில் நடந்தது.

உங்கள் முதல் வருஷத் திதி முடிந்து நாங்கள் மாமா வீட்டுக்குப் போனோம். அக்கம்பக்கத்தாரை எல்லாம் காலை இட்லிக்கு மாமா கூப்பிட்டுவிட்டார். தாராவி கைமணம் என்று பீற்றிக்கொண்டாராம். அம்மா இங்கே அரைக்கிற மாதிரியே சாயங்காலம் அரைத்து, இங்கே மூடுகிற மாதிரியே ஒரு தட்டை மட்டும் மூடி, சமையலறைத் தரையில் வைத்துவிட்டுத் தூங்கினாள். காலையில் மாவு வைத்தது வைத்தபடி கிடந்தது. ஒரு குமிழ் இல்லை. அம்மா அரிசியைத் திட்டினாள், தண்ணீரைத் திட்டினாள், மாமாவின் கிரைண்டரைத் திட்டினாள். குளிரை மட்டும் சந்தேகப்படவே இல்லை. மாவு பொங்குவதற்கு யாராவது ஏதாவது செய்ய வேண்டும் என்பதே நம் வீட்டில் யாருக்கும் தெரியாதே. வந்தவர்கள் மரியாதைக்கு ஆளுக்கொன்று சாப்பிட்டார்கள். தம்பி ஒன்றைச் சுவரில் எறிந்து, திரும்பி வந்ததைப் பிடித்துக் காட்டினான். அம்மா அன்றிலிருந்து ஒரே பேச்சு: "மாவு பொங்காத ஊர்ல எனக்கு என்ன சோலி?"

எனக்கு அது வசதியாக இருந்தது. உள்ளதைச் சொல்கிறேன். எனக்கும் போக வேண்டாம். அடுத்த வருஷம் பத்தாம் வகுப்பு, புத்தகக்காரர், சிநேகிதிகள், இதெல்லாம் ஒரு பக்கம். நீங்கள் சைக்கிளைத் தள்ளிய ரோடு இங்கேதான் இருக்கிறது. அது பெங்களூருக்கு வராது.

சாயங்காலம் காதர் மாமா டீ குடிக்க வந்தார். மாமாவின் போனைப் பற்றி அம்மா சொன்னதும், பொங்கல் விழாவில் செய்வது போலப் பட்டிமன்றம் வைத்துவிடுவோம், நானே நடுவர் என்று மாவு டின்னைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். மும்பைப் புழுக்கத்தில் இருப்பதா, பெங்களூர்க் குளிருக்குப் போவதா? தம்பி முதலில் பேசினான். கிரிக்கெட், வடாபாவ், பெங்களூரில் லோக்கல் ரயில் இல்லை. முடிந்தது. நான் நோட்டைப் பார்த்து என் பக்கம் முழுவதையும் படித்தேன். நடுவரே தன் பங்குக்கு, மழைக்காலத்தில் தோலில் பூஞ்சை பிடித்துப் பாதிப் பை போய்விடுகிறது, ஆனாலும் இந்த ஊரை விட மனசு வராது என்றார்.

அம்மா சொன்னதை மட்டும் அப்படியே எழுதுகிறேன். "இங்க வெக்கைக்குப் பயந்து எவனும் கதவ சாத்தமாட்டான். அன்னைக்கு அவிய நெஞ்சப் பிடிச்சிட்டு உக்காந்தப்போ நான் கடைக்குப் போயிருந்தேன். கதவு தொறந்து கெடந்ததால அண்ணன் பாத்தாவ. அந்த ஊர்ல எல்லாக் கதவும் சாத்திக் கெடக்கு." காதர் மாமா தலையைக் குனிந்துகொண்டார். உங்களை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர் அவர்தானே.

அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். காதர் மாமாதான் விடவில்லை.

"எல்லாரும் ஒரே அணியில உக்காந்துக்கிட்டா அது பட்டிமன்றமா? மறியல்ல உக்காந்த மாதிரி இருக்கு. எதிரணி இல்லாம நான் தீர்ப்பு சொல்ல முடியாது. குளிருக்கு யாரு?"

யாரும் இல்லை. தம்பி கூரையைப் பார்த்தான். எப்போதும் அந்தப் பக்கத்தில் உட்கார்கிறவர் நீங்கள்தானே, அப்பா. நான் நோட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன். அப்பாவுக்காக நான் பேசுகிறேன் என்றேன். சத்தியமாகச் சொல்கிறேன், தோற்கத்தான் எழுந்தேன். மூன்று பேர் எதிரே இருக்க, செத்துப்போன ஒருவரின் பக்கம் எப்படி ஜெயிக்கும்?

உங்கள் குரலிலேயே பேசினேன். இடுப்பில் கை, கழுத்தில் துண்டு. உப்பு, தீக்குச்சி, அப்பளம். அம்மா முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அப்புறம் பொத்தாமலே சிரித்தாள். உங்களுக்குப் பிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை. எனக்கு உற்சாகம் தலைக்கேறியது. நீங்கள் எழுதாததையும் சேர்த்தேன். ஜூலை வந்தால் தம்பி இழுக்கிற இழுப்பு. என் அகராதியில் 'க' வரிசை முழுக்க ஒட்டிக்கொண்டது. அம்மாவின் கழுத்தில் ஏப்ரலில் வந்து அக்டோபரில் போகிற வேர்க்குரு. சொல்லச் சொல்ல இதெல்லாம் உண்மை என்று எனக்கே உறைத்தது.

கடைசி வரிக்கு வந்தேன். வலது பக்கத்தின் அடியில், பேனா மாற்றி எழுதியிருந்தீர்கள். அதைச் சுற்றி நான் சிவப்பில் வட்டம் போட்டு, 'தவறான பக்கம்! இது மும்பைக்குச் சாதகம்' என்று எழுதியிருந்தேன். ஏழாம் வகுப்புத் திமிர். அப்போது உங்களிடம் காட்டினேன். சரியான பக்கத்தில்தான் இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு மாவு டின்களைக் கட்டப் போய்விட்டீர்கள்.

இன்று அந்த வரியை வாய்க்குள் படித்தேன். படித்ததும் புரிந்துவிட்டது.

அப்பா, நோட்டை மூடியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள், காதர் மாமா தீர்ப்புக்குத் தொண்டையைச் செருமிவிட்டார், நாங்கள் இங்கேயே இருந்திருப்போம். ஒரு நிமிஷம் மூடத்தான் நினைத்தேன். ஆனால் அது உங்கள் முறை. உங்கள் வரியை அடிக்க எனக்கு உரிமை கிடையாது.

சத்தமாகப் படித்தேன். "குளிர் ஊர்ல மாவு மெதுவாத்தான் புளிக்கும். இவ ராத்திரி முழுக்கத் தூங்கலாம்."

மே மாதத்தில் நம் மாவு யாருக்காகவும் நிற்காதே. பன்னிரண்டு மணிக்கு ஒருமுறை, இரண்டு மணிக்கு ஒருமுறை எழுந்து, மூடியைத் தள்ளுகிறதா என்று பார்த்து, கலக்கி அடக்கி, ஐஸ் வைத்து, புளித்துப்போகாமல் காவல் இருப்பது அம்மாதான். பதினாறு வருஷமாக. நான் பிறப்பதற்கும் முன்னாலிருந்து. எனக்கு அது அவள் சுபாவம் என்றே தோன்றியிருக்கிறது. மாவு பொங்காததை நான் குறை என்று நினைத்தேன். ஜனவரியில் அம்மா அவமானம் என்று நினைத்தாள். நீங்கள் ஒருவர்தான் அதைத் தூக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள்.

அம்மா நோட்டை வாங்கினாள். அவளுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும். விரலை வைத்து அந்த ஒரு வரியை நகர்ந்து நகர்ந்து படித்தாள். "ஏட்டி, இவிய இத எப்போ எழுதுனாவ?" என்றாள். ஏழாம் வகுப்பில் என்றேன். "ஒரு நாளாவது வாயத் தொறந்து சொன்னாவளா பாரு" என்று உங்களைத்தான் திட்டினாள். திட்டிக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். காதர் மாமா டின்னை விட்டு எழுந்து, எதிரணி ஜெயித்துவிட்டது என்று மெதுவாகச் சொன்னார். பெங்களூரில் கதவு சாத்தியிருந்தால் தட்டச் சொல்லு, தட்டினால் எந்த ஊர்க் கதவும் திறக்கும் என்று அம்மாவைப் பார்க்காமல் என்னிடம் சொன்னார்.

அம்மா மாமாவுக்குப் போன் போட்டாள். "வாரோம். ஆனா மாவு எப்பிடிப் பொங்கும்னு எனக்கு ஒரு வாரம் பழகணும். அதுக்குள்ள ஒருத்தரையும் இட்லிக்குக் கூப்பிட்டிராத" என்றாள்.

நான் தோற்றுவிட்டேன். என்னை நானே தோற்கடித்தேன். அழுகை வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. நெஞ்சு மட்டும் தடதடவென்று அடித்துக்கொண்டே இருக்கிறது, முதல் மழைக்கு முன்னால் அடிக்குமே அந்த மாதிரி. நம் வீட்டு வழக்குகளில் நீங்கள் ஜெயித்து நான் பார்த்ததே இல்லை. எல்லாவற்றையும் எங்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டுச் சிரிப்பீர்கள். இன்று ஜெயித்தீர்கள், நான் உங்களுக்காகப் பேசி!

போகிறோம் என்பதில் எனக்கு இன்னும் சம்மதமில்லை. அதையும் எழுதித்தான் ஆக வேண்டும். பெங்களூரில் உதடு வெடிக்கும்போதெல்லாம் மும்பைக்காகச் சண்டை போடுவேன். ஆனால் இனிமேல் என்னால் ஒரு பக்கத்தை மட்டும் பேசிவிட்டு உட்கார முடியாது. எதிரே காலியாக ஓரிடம் இருந்தால், அங்கே யார் இருந்திருப்பார், என்ன சொல்லியிருப்பார் என்று எழுந்து போய்ப் பார்க்கத்தான் தோன்றும். அது உங்களிடமிருந்து வந்தது. அதற்குப் பெட்டியும் வேண்டாம், பூஞ்சையும் பிடிக்காது.

மணி எட்டரைதான் ஆகிறது. இன்னும் சொல்ல நிறைய இருக்கிறது. மாவுக்கு எழ வேண்டும், போதும் படு என்று அம்மா மூன்று முறை சொல்லிவிட்டாள். இந்த வரி கோணலாக இருந்தால் என் தப்பு இல்லை, அப்பா. விளக்கை அணைத்துவிட்டாள்.