பெங்களூர் சீட்

நகரி
2.6.2025

அன்புள்ள நைனாவுக்கு,

துர்கா எழுதுவது. சனிக்கிழமை முலாகத்தில், உன்னைப் பார்க்க வந்தபோது, கம்பிவலைக்கு இரண்டு பக்கமும் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தியதில், நீ பேசியது பாதி காதில் விழவில்லை. மீதி நேரம் அம்மா அழுததிலேயே போய்விட்டது. வக்கீல்தான், கடிதம் எழுதினால் உன்னிடம் கொடுப்பார்கள் என்றார். சித்தூர் ஜெயிலில் தமிழ் தெரிந்த வார்டர் இருக்கிறாராம், அவர் படித்துப் பார்த்துவிட்டுத் தருவாராம். அவருக்கும் என் வணக்கம்.

முதுகுவலிக்கு மாத்திரை தருகிறார்களா? மெலிந்துபோய்விட்டாய். அம்மா தையல் மிஷினில் உட்காருகிறாள், துணியைக் கையில் பிடித்தபடி அப்படியே இருக்கிறாள். தெருவில் யாரும் எங்களிடம் எதுவும் கேட்பதில்லை. கேட்டால்கூடத் தேவலை. புத்தூரிலிருந்து சிட்டிபாபு மாமா மட்டும் வந்து போகிறார்.

நைனா, எனக்குத் தெரிந்து நீ குடித்துவிட்டு வரும் பயணியைக்கூட நம் காரில் ஏற்றியதில்லை. நீ செம்மரம் ஏற்றினாய் என்கிறார்கள். போலீஸ் சொல்வது பொய்யா? பொய் இல்லையென்றால் ஏன்? பெங்களூர் காலேஜுக்குக் கட்ட வேண்டிய மீதிப் பணத்துக்காக என்றால், அந்த சீட்டே எனக்கு வேண்டாம். வருஷத்துக்கு ஆறு லட்சம் நம்மால் ஆகாது. இந்த மாதம் இருபதாம் தேதியோடு கெடு முடிகிறது. அதை விட்டுவிட்டுத் திருப்பதியிலேயே பிபிஏ சேர்ந்துகொள்கிறேன். அங்கே ஃபீஸை அரசாங்கமே கட்டும்.

உடனே பதில் எழுது.

உன் மகள்
துர்காதேவி


சித்தூர்
7.6.2025

துர்கா கண்ணுக்கு,

நைனா எழுதுவது. மாத்திரை தருகிறார்கள். அம்மாவைச் சாப்பிடச் சொல்.

அப்படிப்பட்ட கேள்வியைக் கடிதத்தில் கேட்காதே. கேஸ் நடக்கிறது. படித்த பிள்ளைக்கு இதுகூடவா தெரியாது?

வேறொன்று சொல்கிறேன், கேள். ஏர்போர்ட்டிலிருந்து திருப்பதி மலைக்கு எத்தனையோ பேரைக் கூட்டிப்போயிருக்கிறேன். பின்சீட்டில் பேசுவதெல்லாம் டிரைவர் காதில் விழும். போன மாசியில் ஒரு அம்மா வந்தார். பெரிய கம்பெனிக்கு ஆள் எடுக்கிறவர். ரேணிகுண்டா தாண்டியதிலிருந்து போனில்தான் இருந்தார். ஒரு வேலைக்கு ஏகப்பட்ட பேர் மனுப் போட்டிருந்தார்களாம். "மார்க்கெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்பா. காலேஜ் பேரப் பாரு. நம்ம லிஸ்ட்ல இல்லாததெல்லாம் தள்ளிடு" என்றார். அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். தள்ளிவிட்ட அந்தக் குவியலுக்குள் நீ இருக்கிற மாதிரியே தோன்றியது. மலை ஏறி இறங்கும்வரை அந்த நினைப்புதான்.

அதனால் திருப்பதி வேண்டாம். ஏகாம்பரகுப்பம் மனையை விற்றுவிடுங்கள். மாமாவிடம் சொன்னால் ஆள் பிடிப்பார். அந்தப் பணம் ஜாமீனுக்கு இல்லை, வக்கீலுக்கும் இல்லை. பெங்களூருக்கு. என்னை வெளியே எடுக்க அலையாதீர்கள். இங்கே வேளாவேளைக்குச் சோறு போடுகிறார்கள்.

துர்கா, உன் காலில் விழாத குறையாகக் கேட்கிறேன். நீ அங்கே போகவில்லை என்றால் நான் எதற்காக இங்கே

இதற்கு மேல் எழுத முடியாது.

உன் நைனா


நகரி
16.6.2025

அன்புள்ள நைனாவுக்கு,

மனைக்கு ஆள் வந்து, பேசி முடித்து, முன்பணமும் கொடுத்துவிட்டார்கள். அந்தப் பணத்தோடு சனிக்கிழமை நானும் மாமாவும் பெங்களூர் போனோம். அங்கே நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன்.

அந்தக் காலேஜை முழுக்கச் சுற்றிப் பார்த்தேன். லைப்ரரி மட்டுமே நாலு மாடி. ஒரு கண்ணாடி அறைக்குள் என் வயதுப் பெண் ஒருத்தி, கோட்டுப் போட்ட பெரியவர்களுக்கு எதையோ விளக்கிக்கொண்டிருந்தாள். முகத்தில் பயமே இல்லை. அவள் இடத்தில் நான் நிற்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

கேன்டீனில் நீரஜா என்று ஒருத்தி பழக்கமானாள். மூன்றாம் வருஷம் படிக்கிறாள், ஊர் மதனப்பள்ளிப் பக்கம். வீட்டில் தமிழ்தானாம். இந்தக் காலேஜ் பேருக்கு மதிப்பு உண்டா என்று நேராகவே கேட்டேன்.

"உண்டு. இல்லன்னு சொன்னா பொய். எனக்கு நாலு கம்பெனியில இன்டர்வியூ வந்துச்சு" என்றாள். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "எங்க நைனா நிலத்த வித்துட்டாரு. இப்ப அதே நிலத்துல தக்காளி பறிக்கக் கூலிக்குப் போய்க்கினு கீறாரு. நான் ஊருக்கே போறதில்ல. எந்த மூஞ்சிய வச்சிக்கினு போறது?" என்றாள்.

ஃபீஸ் கவுன்டர் வரிசையில் மாமா நின்றிருந்தார். பணப்பையை வயிற்றோடு அணைத்துப் பிடித்திருந்தார். அவருக்கு முன்னால் இன்னும் இரண்டு பேர்தான். நான் போய், "கட்ட வாணாம் மாமா" என்றேன்.

"இன்னாடி சொல்ற? ஒங்க நைனா என்னக் கொன்னுடுவான்."

"வெளிய வந்து கொல்லட்டும் மாமா."

மாமா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அந்த வரிசையிலேயே அழுதார். எல்லோரும் பார்த்தார்கள்.

சீட்டை ரத்து செய்துவிட்டேன். நீ ஏற்கெனவே கட்டியதில் கொஞ்சம் பிடித்துக்கொண்டு மீதியை அனுப்புவார்கள். மனைப் பணத்தை வக்கீலிடம் கொடுத்தாயிற்று. என்னை எப்படி வேண்டுமானாலும் திட்டு.

துர்கா


சித்தூர்
24.6.2025

துர்காதேவிக்கு,

கடிதம் வந்தது. வார்டர், "நல்ல சேதிதானேப்பா?" என்று கேட்டார். அவர்தான் முதலில் படித்தவர். என் முகத்தைப் பார்த்ததும் ஏன் கேட்டோம் என்று ஆகிவிட்டது அவருக்கு.

என் வண்டி போயிற்று. பேர் போயிற்று. உன் அம்மாவால் தெருவில் தலை நிமிர முடியவில்லை. இத்தனையும் போன பிறகு எனக்கென்று ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது. அதையும் நீயே போய்க் கவுன்டரில் கொடுத்துவிட்டு வந்துவிட்டாய். இப்போது நான் வெறும் கைதி. மகளைப் படிக்கவைத்த கைதிகூட இல்லை.

இனிமேல் முலாகத்துக்கு வராதே. வந்தாலும் நான் கம்பிவலைப் பக்கம் வர மாட்டேன். ஜாமீன் எடுத்தால் நன்றி சொல்வேன் என்று எதிர்பார்க்காதே.

சிவசங்கரன்


திருப்பதி
9.8.2025

அன்புள்ள நைனாவுக்கு,

நீ வர மாட்டேன் என்று எழுதிய பிறகும் ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்தேன். உன் பேரைக் கூப்பிடுவார்கள். நான் வலையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். நேரம் முடிந்ததும் பஸ் ஏறிவிடுவேன். போன வாரம் வார்டரே வந்து, "இனி வராதம்மா, எனக்கே தாங்கல" என்றார்.

காலேஜ் திறந்துவிட்டது. நன்றாக இருக்கிறது என்று பொய் சொல்லப் போவதில்லை. கணக்குப் பதிவியலுக்கு இன்னும் ஆசிரியர் போடவில்லை. கம்ப்யூட்டர் அறைக்குப் பூட்டு. சில நாள் வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது அந்தக் கண்ணாடி அறை ஞாபகம் வரும். நான் செய்தது தப்பாகவும் இருக்கலாம், நைனா. நீ சொன்ன அந்த அம்மா மாதிரி யாராவது நாளைக்கு என்னையும் தள்ளிவிடலாம். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழுவேன். அப்போது நீ வீட்டில் இருக்க வேண்டும். பெங்களூர் போயிருந்தால் மனைப் பணத்தோடு உன்னையும் சேர்த்து ஃபீஸாகக் கட்டியிருப்பேன்.

ஜாமீன் கிடைத்துவிட்டது. செவ்வாய்க்கிழமை விடுவார்கள் என்று வக்கீல் சொன்னார். அம்மாவும் நானும் வாசலில் நிற்போம். நீ என்னோடு பேச வேண்டாம். பஸ்ஸில் நீயும் அம்மாவும் முன்னால் உட்காருங்கள். நான் பின்னால் உட்கார்ந்துகொள்கிறேன். வந்தால் போதும்.

உன் மகள்
துர்கா


நாயுடுபேட்டை
4.9.2025

துர்கா கண்ணுக்கு,

நைனா எழுதுவது. அன்றைக்கு நான் வெளியே வந்தேன். நீயும் அம்மாவும் எதிரில் பஸ் வரும் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றிருந்தீர்கள். கூட்டத்தோடு கூட்டமாக நடந்து போய்விட்டேன். கூப்பிடும் தூரம்தான். உங்கள் முகத்தில் விழிக்க வெட்கமாக இருந்தது. அம்மாவிடம் இதைப் பக்குவமாகச் சொல்.

இங்கே செங்கல்வராயன் என்பவர் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றும் பஸ் வைத்திருக்கிறார். கேஸைப் பற்றிச் சொல்லித்தான் வேலை கேட்டேன். கொடுத்தார். ஷெட்டிலேயே படுத்துக்கொள்கிறேன்.

ஜாமீனுக்காக வாராவாரம் திங்கட்கிழமை சந்திரகிரி போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும். இந்த வாரம் போட்டுவிட்டு, மாமாவிடம் விசாரித்து, உன் காலேஜ் கேட்டுக்கு வந்தேன். நீ அழுத முகத்தோடு வருவாய், கூப்பிட்டு நானும் அழுதுவிடலாம் என்று நின்றிருந்தேன். நீ இரண்டு பெண்களோடு கொய்யாப்பழம் கடித்துக்கொண்டு சிரித்தபடி வந்தாய். அப்படி ஒரு சிரிப்பு. எனக்குக் கோபம் வந்துவிட்டது. இத்தனைக்குப் பிறகும் இவளுக்குச் சிரிப்பு வருகிறதே என்று. அப்படியே பஸ் ஏறி வந்துவிட்டேன்.

அந்தக் கோபத்தோடேயே இரண்டு நாள் வண்டி ஓட்டினேன். இன்று காலை தடா ஊர்க் கம்பெனிகளுக்குப் போகும் வழியில் நீ சிரித்தது மட்டும்தான் கண்ணில் நின்றது. கோபத்தைத் தேடிப் பார்த்தேன், வரவில்லை. ஆள் ஏற்றும் இடத்தில் வண்டியை நிறுத்தி, எல்லோரும் ஏறி முடிக்கும்வரை ஸ்டியரிங்கில் தலை வைத்துக்கொண்டிருந்தேன். வண்டியில் இருந்த பெண் ஒருத்தி, "இன்னாண்ணா, ஒடம்புக்கு முடியலயா?" என்று கேட்டாள்.

வரும் திங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு உன் காலேஜ் கேட்டுக்கு எதிரில் நிற்பேன். அம்மாவையும் வரச் சொல். வகுப்பை விட்டுவிட்டு வராதே. முடித்துவிட்டு வா. எவ்வளவு நேரமானாலும் நிற்கிறேன்.

உன் நைனா