உன் அம்மாவின் மாலை வகுப்பு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் குறைவில்லாமல் இருக்க வேண்டும். இங்கே உன் அம்மா மிகமிக சுகம். என் சுகத்தை விசாரிக்கத்தான் ஆளில்லை, அதனால் நானே சொல்லிவிடுகிறேன், முழங்கால் வலி தேவலை, லிஃப்ட் ரிப்பேருக்கு மேலே ஏறுகிற வேலையை இளவட்டங்களிடம் விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தால் முன்பெல்லாம் என்னிடம்தான் முதலில் பேசுவாய். இப்போது நீயும் அம்மாவும் சமூகவியல் என்று ஆரம்பித்தால் நான் பக்கத்தில் தூணாய் உட்கார்ந்திருக்கிறேன், கடைசியில் ‘மாத்திரை போட்டீங்களாப்பா’ என்ற ஒரு கேள்வியோடு என் கதை முடிந்துவிடுகிறது. நீ படித்ததையே அவளும் படிக்கட்டும் என்று மாலைக் கல்லூரியில் சேர்த்துவிட்டுப் போனவள் நீ, அனுபவிக்கிறவன் நான்.

குழம்பில் உப்பில்லை என்று சொன்னால், ‘சமைக்கிறது என் பங்குன்னு யாரு எழுதி வெச்சது’ என்கிறாள். பங்கு என்றால் சொத்துப் பங்கு என்றுதான் எனக்குத் தெரியும். ஒருவர் இருக்கும் இடத்தை வைத்து ஊர் அவரிடம் எதிர்பார்க்கிற நடத்தைக்குப் பேர்தானாம் பங்கு, மனைவி என்பது இடம், சமைப்பது பங்கு, எல்லாம் ‘எங்க சார் சொன்னார்.’ கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்ன ஒரு சொல்லையாவது அவள் இப்படி நாலு பேரிடம் சொல்லியிருப்பாளா? மறைப்பானேன், அந்த சாரை நினைத்து எனக்கு வயிறு எரிந்தது. போன வாரம் அவள் வகுப்பில் பேசப் போவதாகவும் வீட்டு ஆட்களும் வரலாம் என்றும் சொன்னதும், ஆளை ஒரு கண் பார்த்துவிடுவோம் என்று சட்டைக்கு இஸ்திரி போட்டு, தலைக்கு மை வேறு பூசிக்கொண்டு போனேன். பார்த்தால் சாருக்கு உன் வயதுதான் இருக்கும், ஜலதோஷம் பிடித்துக் கைக்குட்டையும் கையுமாக நிற்கிறார். பாதி எரிச்சல் அங்கேயே அடங்கியது. ஆனால் அம்மா உள்ளே நுழைந்ததும் ஆளாளுக்கு அக்கா அக்கா என்று மொய்த்துக்கொண்டார்கள். ஒரு நர்ஸ் பெண் இடம் பிடித்து வைத்திருந்தாள். ஒரு தபால்காரர் இவள் சொன்ன ஜோக்குக்கு விழுந்து விழுந்து சிரித்தார். உன் அம்மா ஜோக் சொல்வாள் என்று எனக்கு யாரும் சொன்னதே இல்லையே!

முதன்மைக் குழுவைப் பற்றிப் பேசினாள். லாப நஷ்டம் பார்க்காமல் முகம் பார்த்துப் பழகுகிற சின்னக் கூட்டமாம், அதற்கு முதல் உதாரணம் குடும்பமாம். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ‘எங்க வீட்ல ஒருத்தர் மேல ஒருத்தர் உசுரா இருப்போம். ஆனா என் பொண்ணு தூரமாப் போனதுக்கப்புறம், நீ என்ன நினைக்கிறேன்னு என்னை முதல்ல கேட்டது இந்த வகுப்புதான்’ என்றாள். எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். உள்ளே எரிந்தது எனக்குத்தான் தெரியும்.

திரும்பும்போது பேருந்தில், ‘எப்படி இருந்துச்சு’ என்று கேட்டாள். மைக் சரியில்லை என்றேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அது எனக்குத் தாங்கவில்லை பாப்பா. இறங்குகிற இடத்தில், ‘சரி, நீ என்னதான் நினைக்கிறே’ என்று கேட்டுவிட்டேன். ‘எதைப் பத்தி’ என்றாள். சட்டென்று வேறொன்றும் தோன்றாமல், ‘அந்தத் தபால்காரரைப் பத்தி’ என்று உளறிவிட்டேன். அவள் சிரித்த சிரிப்பில் கண்டக்டரே எட்டிப் பார்த்தார். பிறகு தெரு முழுக்கப் பேசிக்கொண்டே வந்தாள், கதவைத் திறந்து உள்ளே போயும் செருப்பைக் கழற்றாமல் நின்று பேசினாள், நான் குறுக்கே பேசாமல் கேட்டேன். என்னைப் பற்றியும் இரண்டு நல்ல வார்த்தை அதில் இருந்தது.

அதற்காகப் பொறாமை தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே. அடுத்த பாடம் சமூகமயமாதலாம், மனிதன் ஊரோடு ஒத்து வாழப் பழகுவது எப்படி என்பதாம். எனக்குப் புரிகிற மாதிரி அதை நீ உடனே எழுதி அனுப்பு, அந்த சார் வாயைத் திறப்பதற்குள் நான் அவளிடம் சொல்லிவிட வேண்டும். இதை அம்மாவிடம் மூச்சு விடாதே. குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. நீங்கள் இருவரும் மனம் விட்டுப் பேசி நூறாண்டு வாழ என் ஆசி.

பாடத்துக்குக் காத்திருக்கும்,
உன் அப்பா